முகவரியில் இருக்கும் எண் யாருடையது?

உலாவியின் மேல்பக்கத்தில் நீளமாக ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் ஓடும் எழுத்துக்களை முழுசாகப் படித்ததுண்டா? பெரும்பாலானோர் படிப்பதில்லை. தளத்தின் பெயரைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வரும் சாய்கோடு, கேள்விக்குறி, சமக்குறி எல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் எம்.பி.ஏ. சீட்டுக்காகக் காத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் தலையெழுத்தை மாற்றியது, அந்தக் கட்டத்தில் இருந்த ஒரு சின்னத் துண்டுதான்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதை இரண்டு விதத்தில் சொந்தம். ஒன்று, இது நடந்தது பிசினஸ் ஸ்கூல்களில். இரண்டு, இதன் நடுவில் இருப்பது தணிக்கைப் பாடத்தில் முதல் வாரமே வருகிற கேள்வி: ஒரு சீட்டில் எண் எழுதியிருந்தால், அதுவே ஆதாரமாகிவிடுமா?

கதைக்குப் போகும் முன் அந்த முகவரியைப் பிரித்துப் பார்க்கலாம். இப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

எச்டிடிபி://கல்லூரி.உதாரணம்/சேர்க்கை/முடிவு?விண்ணப்பம்=1047&ஆண்டு=2005#கடிதம்

பார்க்கப் பயமாக இருந்தாலும் இது வீட்டு முகவரி மாதிரிதான். முதலில் வரும் எச்டிடிபி, எந்த முறையில் பேசவேண்டும் என்று சொல்கிறது. இரண்டு சாய்கோடுகளுக்குப் பிறகு வருவது எந்தக் கம்ப்யூட்டரைத் தேடிப் போகவேண்டும் என்பது. (அந்த இரண்டு சாய்கோடுகள் உண்மையில் தேவையே இல்லை என்று வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீயே 2009இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் உலகம் அதை எத்தனை கோடி முறை தட்டியிருக்கும்!) அடுத்த சாய்கோட்டிலிருந்து கேள்விக்குறி வரை உள்ளது பாதை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் எந்த அறை என்று சொல்வது. கேள்விக்குறிக்குப் பிறகு வருவது, அந்த அறைக்குள் போய் என்ன கேட்கவேண்டும் என்பது. இங்கே இரண்டு விஷயம் கேட்கப்படுகிறது. விண்ணப்பம் 1047, ஆண்டு 2005. கடைசியில் ஒரு வேலிக்குறி போட்டு 'கடிதம்' என்று இருக்கிறதே, அது சர்வருக்குப் போகவே போகாது. பக்கம் வந்த பிறகு எந்த இடத்தில் நிறுத்திக் காட்டவேண்டும் என்று உலாவி தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்பு அது.

இந்த இலக்கணத்தை 1994 டிசம்பரில் பெர்னர்ஸ்-லீயும் வேறு இருவரும் சேர்ந்து ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணத்தில் எழுதி வைத்தார்கள். பிறகு அது திருத்தி எழுதப்பட்டு, ஆர்எஃப்சி 3986 என்ற பெயரில் 2005 ஜனவரியில் வெளிவந்தது. இந்தக் கதை நடப்பதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு.

இப்போது சர்வர் பக்கத்துக்கு வாருங்கள். உலாவி அனுப்பும் கோரிக்கை அங்கே சில வரிகளாக வந்து விழுகிறது. அதன் முதல் வரியில் பாதையும், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதும் இருக்கும். புரோகிராம் செய்யவேண்டிய முதல் வேலை வெட்டுவது. கேள்விக்குறி எங்கே என்று தேடி அங்கே ஒரு வெட்டு. அதற்குப் பின்னால் உள்ளதை 'அண்ட்' குறி இருக்கும் இடமெல்லாம் வெட்டு. கிடைத்த துண்டுகளைச் சமக்குறியில் வெட்டு. இடது பக்கம் பெயர், வலது பக்கம் மதிப்பு. விண்ணப்பம் என்றால் 1047. முடிந்தது.

கேட்க எளிதுதான், ஆனால் கையால் செய்தால் சொதப்பும். உதாரணத்துக்கு, முகவரியில் தமிழ் 'அ' ஒன்று இருந்தால் அது அப்படியே பயணம் செய்யாது. மூன்று பைட்டாகப் பிரியும். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஓர் எழுத்துக்கு ஒன்பது குறிகள். மறுமுனையில் அதைத் திருப்பி 'அ' ஆக்கவேண்டும். அதனால்தான் பிஎச்பி, பைத்தான், ஜாவா என்று எந்த மொழியை எடுத்தாலும் முகவரியை வெட்டித் தரும் கருவி தயாராகவே இருக்கிறது. ஒரே வரியில் எண்ணைக் கையில் கொடுத்துவிடும்.

வம்பு இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. எண் கைக்கு வந்ததும் புரோகிராம் எழுதுகிறவர் அடுத்த வரியில், "1047ஆம் விண்ணப்பத்தை எடு, காட்டு" என்று எழுதிவிடுகிறார். அந்த எண் எங்கிருந்து வந்தது? தளமே உருவாக்கிக் கொடுத்த லிங்க்கிலிருந்து வந்திருக்கலாம். அல்லது வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் 1046ஐ அழித்துவிட்டு 1047 என்று தட்டியிருக்கலாம். சர்வருக்கு இரண்டும் ஒன்றேதான். க்ளிக் செய்து வந்த எண்ணில் முத்திரை எதுவும் கிடையாது, கையால் தட்டிய எண்ணில் கறை எதுவும் கிடையாது.

ஒரு காசோலையை நினைத்துப் பாருங்கள். கணக்கு எண் அதிலேயே இருக்கிறது. அதற்காக, கணக்கு எண்ணைச் சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டுகிற கேஷியர் உண்டா? எண்ணை வைத்து எந்தக் கணக்கு என்று கண்டுபிடிப்பார். பிறகு கையெழுத்து பொருந்துகிறதா என்று பார்ப்பார். தேதியையும் பார்ப்பார். அடுத்த மாதத் தேதி போட்ட காசோலைக்கு இன்று பணம் கிடையாது, அது சொந்தக் கணக்கே ஆனாலும். இணையத்திலும் இதே மூன்று கேள்விதான். எந்தக் கோப்பு? கேட்பவர் யார்? அவருக்கு இதை இப்போது காட்டலாமா? முகவரியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மற்ற இரண்டையும் சர்வர் தன் சொந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

இனி 2005 மார்ச்.

அப்போது ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி உட்பட அமெரிக்காவின் பல பெரிய பிசினஸ் ஸ்கூல்கள் விண்ணப்பங்களை வாங்கும் வேலையை அப்ளையுவர்செல்ஃப் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்திருந்தன. ஹார்வர்டின் முடிவுகள் மார்ச் 30ஆம் தேதி வரவேண்டியவை. ஆனால் சில முடிவுக் கடிதங்கள் அதற்கு முன்பே சர்வரில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் போகும் லிங்க் மட்டும் எந்தப் பக்கத்திலும் காட்டப்படவில்லை. லிங்க் இல்லையென்றால் யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை!

மார்ச் 2ஆம் தேதி, பிசினஸ்வீக் பத்திரிகையின் தளத்தில் விண்ணப்பதாரர்கள் கூடிப் பேசும் பகுதியில், 'புரூக்பாண்ட்' என்ற புனைபெயரில் ஒருவர் ஒரு வழிமுறையை எழுதினார். சொந்த விண்ணப்பத்தில் லாகின் செய்யுங்கள், பக்கத்தின் மூல நிரலைத் திறந்து உங்கள் அடையாள எண்ணை எடுங்கள், அதை இந்த முகவரியில் பொருத்தி என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான். பாஸ்வேர்டை உடைக்கவில்லை, வைரஸ் எதுவும் இல்லை. ஒரு முகவரியிலிருந்து துண்டை எடுத்து இன்னொரு முகவரியில் ஒட்டுவது மட்டும்தான்.

நள்ளிரவில் அதைப் படித்தவரின் மனநிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பல மாத உழைப்பு, கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல். இன்னும் நான்கு வாரம் காத்திருக்கவேண்டும். பதில் ஒரு என்டர் தூரத்தில் இருக்கிறது. பார்க்கப்போவதும் வேறு யாருடையதும் இல்லை, சொந்த முடிவு. தட்டியவர்களில் பலருக்குக் கிடைத்தது வெற்றுப் பக்கம். சிலருக்கு நிராகரிப்புக் கடிதமே வந்து நின்றது. நிறுவனம் சில மணி நேரத்தில் ஓட்டையை அடைத்தது. ஆனால் அதற்குள் யார் யாருடைய கோப்பு திறக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருந்தது. அது கல்லூரிகளின் கைக்குப் போனது.

ஹார்வர்ட் 119 பேரை ஒரே அடியாக நிராகரித்தது. இது நம்பிக்கைத் துரோகம், எந்தச் சமாதானமும் இதற்கு எடுபடாது என்ற பொருளில் டீன் கிம் கிளார்க் அறிக்கை விட்டார். எம்ஐடியின் ஸ்லோன் 32 பேரை நிராகரித்தது. கார்னகி மெலனும் அதே வழி. ஸ்டான்ஃபோர்டில் 41 பேர் சிக்கினார்கள். ஸ்டான்ஃபோர்ட் அவர்களிடம் விளக்கம் கேட்டது. டார்ட்மத் கல்லூரியின் டக் பிசினஸ் ஸ்கூலில் 17 பேர். டக் மட்டும், இந்த ஒரு காரணத்துக்காகவே தானாக நிராகரிப்பது சரியில்லை, ஒவ்வொருவரையும் தனித்தனியே எடைபோடுவோம் என்று முடிவு செய்தது.

ஒரே குற்றம், ஒரே வழிமுறை, ஒரே வாரம். ஆனால் தீர்ப்பு கல்லூரிக்குக் கல்லூரி வேறு!

தட்டியவர்கள் பக்கம் நின்று வாதாடுவது எளிது. திறந்தது சொந்தக் கோப்பு. யாருடைய ரகசியமும் வெளியே போகவில்லை. முடிவை யாரும் மாற்றவில்லை. பொது இணையத்தில் இருந்த ஒரு முகவரியைக் கேட்டார்கள், சர்வர் மறுக்காமல் கொடுத்தது. கொடுத்தவனை விட்டுவிட்டுக் கேட்டவனைத் தண்டிப்பது என்ன நியாயம்?

எதிர்ப்பக்கமும் அவ்வளவு பலவீனமானதல்ல. மார்ச் 30 என்று தேதி சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் அது தெரியும். அடுத்த மாதத் தேதி போட்ட காசோலையைத் தெரிந்தே இன்று நீட்டி, கேஷியர் கவனிக்காமல் பணம் கொடுத்ததும், "அவர்தானே கொடுத்தார்" என்று சொல்வது சமாதானம் ஆகாது. மூல நிரலைத் திறந்து எண்ணைத் தோண்டி எடுக்கும்போதே, வாசல் வழியாகப் போகவில்லை என்பது கைக்குத் தெரிந்திருக்கும். நாளைக்குக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் இவர்கள் கையில் வரப்போகிறது என்று கல்லூரி கவலைப்பட்டதிலும் தப்பில்லை.

ஆக, தட்டியது தவறுதான். அதை மழுப்பவேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதையில் அதைவிடக் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது.

கல்லூரிகள் எதை வைத்து 119 பேர், 32 பேர் என்று எண்ணின? எந்த அடையாள எண்ணுக்குரிய கோப்பு திறக்கப்பட்டது என்ற விவரத்தை வைத்து. அதாவது, முகவரியில் இருந்த அதே துண்டு! முதல் தடவை சர்வர் அந்தத் துண்டை நம்பிக் கடிதத்தைக் காட்டியது. இரண்டாம் தடவை தேர்வுக் குழு அதே துண்டை நம்பி நிராகரித்தது. விசைப்பலகையில் இருந்த கை யாருடையது என்று அந்த எண் சொல்லாது. பாஸ்வேர்டு தெரிந்த கணவனோ மனைவியோ ஆர்வக்கோளாறில் தட்டியிருந்தாலும் பதிவேட்டில் விழுவது விண்ணப்பதாரரின் எண்தான். லாகின் செய்துதான் எண்ணை எடுக்கவேண்டும் என்பதால் சந்தேக வட்டம் சுருங்கும், உண்மைதான். ஆனால் சந்தேகமும் ஆதாரமும் ஒன்றல்லவே. தணிக்கையில் வவுச்சரில் ஒரு பெயர் இருந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், விளக்கம் கேட்பார்கள், வேறு தாள்களோடு ஒப்பிடுவார்கள். ஸ்டான்ஃபோர்ட் விளக்கம் கேட்டதும் டக் தனித்தனியே எடைபோட்டதும் அந்த வழக்கத்துக்கு நெருக்கமானவை. தணிக்கையை உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கும் ஹார்வர்ட் அந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்தது.

இது ஒரு பழைய கல்லூரிக் கதை, இதோடு முடிந்தது என்று நினைக்கவேண்டாம்.

2010 ஜூனில் ஏடி&டி நிறுவனத்தின் சர்வர் ஒன்று, முகவரியில் ஐபேடின் சிம் கார்டு எண்ணைக் கொடுத்தால் அதன் சொந்தக்காரரின் மின்னஞ்சலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் எண்களை வரிசையாக மாற்றிக் கேட்கும் ஒரு சின்ன புரோகிராமை ஓட்டி, சுமார் 1,14,000 மின்னஞ்சல்களை அள்ளினார்கள். அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஆவர்ன்ஹைமருக்கு 2013 மார்ச்சில் 41 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2014 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம், வழக்கு தவறான மாநிலத்தில் நடத்தப்பட்டது என்பது. முகவரியில் எண்ணை மாற்றுவது குற்றமா இல்லையா என்ற கேள்விக்கு அந்த வழக்கிலிருந்து தெளிவான விடை வரவில்லை.

2011இல் சிட்டி வங்கி. கிரெடிட் கார்டு தளத்தில் ஒரு கணக்கில் லாகின் செய்தபின் முகவரியில் இருந்த எண்ணை மாற்றினால் அடுத்தவர் கணக்கு திறந்தது. 3,60,083 கணக்குகளின் விவரம் வெளியே போனது. சுமார் 3,400 பேரின் கணக்குகளிலிருந்து 27 லட்சம் டாலர் களவு போனது. இங்கே புகுந்தவர்கள் சீட்டுக்குக் காத்திருந்தவர்கள் அல்ல, அசல் திருடர்கள். ஆனால் அவர்கள் நுழைந்த ஓட்டை ஒரே இனம்தான்.

2019 மே மாதம் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனம். வீட்டுக்கடன் ஆவணங்களுக்கான லிங்க்கில் எண்ணை மாற்றினால் முன்பின் தெரியாதவரின் ஆவணம் வந்தது. லாகின்கூடத் தேவைப்படவில்லை. இப்படித் திறந்து கிடந்தவை 2003 முதலான சுமார் 88.5 கோடி ஆவணங்கள் என்று பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதினார். 2021 ஜூனில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் அந்த நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 4,87,616 டாலர். ஒரு ஆவணத்துக்கு எத்தனை பைசா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். அழுகையும் வரலாம்.

இந்தப் பட்டியலை ஹார்வர்ட் கதைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்று உறுத்துகிறது. சொந்தக் கடிதத்தை நான்கு வாரம் முன்னால் எட்டிப் பார்த்தவருக்குப் போனது ஒரு வருடமும் ஒரு கனவும். கோடிக்கணக்கானோரின் வீட்டு ஆவணத்தைத் திறந்து போட்டவருக்குப் போனது, அந்த அளவு நிறுவனத்துக்குச் சில்லறை. முகவரியைத் தட்டுகிறவரை ஒரு எண்ணை வைத்துப் பிடித்துவிடலாம். எழுதவேண்டிய வரியை எழுதாமல் விட்டவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் விழுவதில்லை.

அந்த வரி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லாகின் செய்தவர் யார் என்பது சர்வருக்கு ஏற்கெனவே தெரியும். 1047ஆம் கோப்பின் உரிமையாளர் யார் என்பதும் அதன் பட்டியலிலேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றா, வெளியிடும் தேதி வந்துவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஆனால் எல்லாப் பக்கத்திலும், எல்லா எண்ணுக்கும், ஒரு இடம்கூட விடாமல் ஒப்பிடவேண்டும். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வலைச் செயலிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2007ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே இந்த ஓட்டையை நான்காவது இடத்தில் தனியாகக் குறிப்பிட்டிருந்தது. 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் இது அடங்கிய வகை, அதாவது யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சரிபார்க்கத் தவறுவது, முதலிடத்துக்கே வந்துவிட்டது. பதினான்கு வருடத்தில் ஓட்டை முன்னேறியிருக்கிறது!

பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டிங் பக்கம் போகிறவர்கள் நாளைக்கு ஒரு கம்பெனியின் மென்பொருளைப் பரிசோதிக்க உட்காரும்போது, லெட்ஜரையும் வவுச்சரையும் மட்டும் புரட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு சாதாரண ஊழியரின் லாகினில் உட்கார்ந்து, முகவரிக் கட்டத்தில் இருக்கும் எண்ணை ஒன்று கூட்டிப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரரின் சம்பளச் சீட்டு வந்து நின்றால், அந்தக் கம்பெனியில் உள்கட்டுப்பாடு எவ்வளவு இருக்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அனுமதி வாங்கிக்கொண்டு, என்பதை மறக்கவேண்டாம். 2005இல் அந்த 119 பேரும் மறந்தது அதைத்தான்.

சரி, ஒரு கேள்வியோடு முடிக்கலாம். அந்த வாரம் தேர்வுக் குழுவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு பட்டியல். அதில் இருப்பவை வெறும் எண்கள், அவற்றுக்கு எதிரே பெயர்கள். ஹார்வர்ட் மாதிரி ஒரே கோடாகக் கிழித்திருப்பீர்களா, டக் மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருப்பீர்களா?